கைப்பக்குவம் என்கிற பூட்டு

"போயி டீ வாங்கினு வாடா."

எங்கள் லாரிக்கு இருபது வருஷம் வேலை பார்த்த மேஸ்திரியின் வாயிலிருந்து இந்த வாக்கியம் எப்போதும் ஒரே கட்டத்தில்தான் வரும். டிஃபரன்ஷியலைப் பிரித்து, கழுவி, புது பேரிங் போட்டு, பினியனை அதன் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. இனி கூண்டுக்கும் கேரியருக்கும் நடுவில் எத்தனை சிம் தகடு வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அப்போது வரும். உதவியாளன் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். அவன் திரும்பி வரும்போது கூண்டு போல்ட்டுகளை முறுக்கி முடித்திருப்பார்.

பதினாலு வயதில் அந்தப் பட்டறைக்கு வந்தவன் பதினோரு வருஷம் இப்படி டீ வாங்கினான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் மேஸ்திரி போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போனவை: ஒரு செயின் பிளாக், ரெண்டு டிராலி ஜாக், ஒரு ஸ்பேனர் செட், கொஞ்சம் வாடகை பாக்கி. அப்புறம், லாரியின் பின் ஆக்ஸிலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த, ஆனால் திரும்பச் சரியாகப் பூட்டத் தெரியாத ஓர் இளைஞன்.

"இன்னா கைப்பக்குவம்யா அந்த மனுசனுக்கு! எல்லாம் அவரோட போச்சு" என்று துக்க வீட்டில் சொன்னார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கு அந்த வார்த்தைமேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கைப்பக்குவம் என்பது திறமைக்கு நாம் சூட்டும் மாலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மாலை இல்லை, பூட்டு. உள்ளே இருப்பவரும் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவரும் உள்ளே போக முடியாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் வீட்டு வாசலில், ஒரு லாரியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

*

அப்பாவுக்கு ஒரே ஒரு லாரி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. சென்னை பெரியமேட்டிலிருந்து உப்புத்தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு வருவார். திரும்பும்போது ஷூ கம்பெனி அட்டைப்பெட்டியோ, பதனிட்ட தோலோ, கிடைத்தது. நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கிளீனர் சீட்டில் உட்கார்ந்து சிறுபத்திரிகை படித்த கோஷ்டி.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணல். ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் அது தோல் கழிவைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும். 2021 நவம்பரில் அந்த ஆறு நிஜமாகவே ஓடியது. கரையோரத் தாழ்வில் நிறுத்தியிருந்த எங்கள் லாரியின் பின்சக்கரம் முக்காலும் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் ஏறி, ஒரு ராத்திரி முழுக்க நின்று, வடிந்தது. இன்ஜினுக்குள் போகவில்லை. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. அப்பா கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு லோடுக்குப் போய்விட்டார்.

பின் ஆக்ஸிலின் மேல்பக்கம் ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு. ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகிக் காற்று விரியும். அது வெளியேறுவதற்கான வழி. அது முழுகினால் காற்று போகும் வழியாகத் தண்ணீர் வரும். வெள்ளம் வடிந்த அன்றைக்கே டிஃபரன்ஸ் ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்களுக்கு அது தெரியாது. ஆனால் வண்டியோடு வந்த புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரில் முழுகினால் ஆயிலைப் பார், பால் நிறமாக இருந்தால் மாற்று என்று அச்சடித்த ரெண்டு வரி. இங்கிலீஷில். அப்பா அந்தப் புத்தகத்தை இன்சூரன்ஸ் பேப்பர்களோடு சேர்த்துப் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்.

2022 பிப்ரவரியில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். வடிகால் நட்டைக் கழற்றினோம். கெட்டியான பால் காபி மாதிரி வந்தது ஆயில். அதில் இரும்புத் துகள் மின்னியது. அந்த வாடையைச் சொல்ல வேண்டும். கியர் ஆயிலில் பல்லைக் காப்பாற்றக் கந்தகச் சேர்மம் கலந்திருப்பார்கள். தோல் ஷாப்பில் மயிர் உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அங்கேயும் கந்தகம்தான். "இன்னாடா இது, தோல் ஷாப்பு வாசலுக்கே வந்துடுச்சா?" என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டோம். உள்ளே பிரித்துப் பார்க்கிற பேச்சே இல்லை, மொத்த கேரியரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் போட்ட எஸ்டிமேட்டை அப்பா நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பேசவில்லை. வேறு பட்டறைகளில் மேஸ்திரிகள் செய்து தருகிறேன் என்றார்கள். வண்டியை விட்டுவிட்டுப் போ, பத்து நாள் கழித்து வா, பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

அந்த வாரம் உதவியாளன் வீட்டுக்கு வந்தான். வேலை இல்லாமல் ஷூ கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க வூட்டாண்டயே பிரிச்சிப் பாக்கலாமா? நீ இங்கிலீஷ் படி. நான் கைய வெக்கிறேன்."

*

இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் கொஞ்சம் இரும்பு பேச வேண்டியிருக்கிறது.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ரெண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்து இழுபடும். அதனால் தண்டை நடுவில் வெட்டி, ரெண்டு பாதிக்கும் நடுவில் சின்னப் பற்சக்கரங்களைக் கோத்து, தேவைப்படும்போது ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றவிடுகிறோம். டிஃபரன்ஷியல் என்பது அவ்வளவுதான். இன்ஜினிலிருந்து வரும் சுற்றைத் திசை திருப்பி அதற்குக் கொடுப்பது கிரவுனும் பினியனும். எங்கள் வண்டியில் பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41. பினியன் ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று.

வீட்டு வாசலில் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எங்கள் வீரம் அல்ல, லாரி ஆக்ஸிலின் அமைப்பு. லாரியில் பாரத்தைத் தாங்குவது வெளிக்குழாயும் ஹப்பும்தான். உள்ளே இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்ட் சுற்றுவதற்கு மட்டும். அதனால் சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவிவிடலாம். ரெண்டு ஷாஃப்டையும் உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டை இறக்கி, கேரியர் நட்டுகளைக் கழற்றினால் மொத்தப் பிண்டமும் முன்பக்கமாக வந்துவிடும். ரெண்டு ஆள் தூக்கக் கூடிய எடை இல்லை. டிராலி ஜாக்கில் இறக்கி, மூன்று இரும்புப் பைப்பை முக்காலியாகக் கட்டி, மேஸ்திரி வீட்டம்மாவிடம் இரவல் வாங்கிய செயின் பிளாக்கில் தூக்கினோம். வண்டிக்கு அடியில் ஜாக்கை மட்டும் நம்பவில்லை, மரக்கட்டை அடுக்கினோம்.

இதுவரை எல்லாம் அவன் கை. நான் வேடிக்கை பார்த்தேன். பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் ரெண்டிலும் பஞ்ச் வைத்துப் பொட்டு போட்டான். இடதும் வலதும் மாறினால் பேரிங் போச்சு. புது பேரிங்கைச் சுத்தியால் அடிக்கவில்லை. அம்மாவின் பழைய பலகாரச் சட்டியில் ஆயில் ஊற்றி, அதில் பேரிங்கைப் போட்டு, அடுப்பில் சூடாக்கினான். இரும்பு விரிந்து, ஷாஃப்டில் தானாக வழுக்கி உட்கார்ந்தது. பழைய கிரவுன், பினியன் ரெண்டிலும் பல் அரித்துக் குழி விழுந்திருந்தது. புது ஜோடி வாங்கினோம். அது ஜோடியாகத்தான் வரும். கம்பெனியில் ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்து, ரெண்டிலும் ஒரே நம்பரைப் பொறித்திருப்பார்கள்.

பிறகு சிம்முக்கு வந்தோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இங்கதாண்ணா நான் டீ வாங்கப் போவேன்."

பழைய சிம் கட்டையே திரும்ப வைத்தோம். பூட்டினோம். ஆயில் ஊற்றினோம். வண்டி ஊளையிட்டது, முன்பைவிடப் பிரமாதமாக. அப்பா வாணியம்பாடி வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, இறங்காமல், ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுபடி பிரித்தோம். இந்த முறை இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு ஒர்க்‌ஷாப் மேனுவலை நான் வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொல்ல, அவன் செய்தான். பினியன் முகத்தில் ஒரு சின்ன எண் பொறித்திருப்பார்கள் என்றது மேனுவல். துடைத்துப் பார்த்தோம், இருந்தது. பழையதில் ஓர் எண், புதியதில் வேறு எண். அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிம்மில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய அளவு. பதினோரு வருஷமாகக் கையில் புரட்டிய பினியனின் முகத்தில் எழுதியிருந்ததை அவன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தான்.

கிரவுன் பல்லில் செந்தூரத்தை ஆயிலில் குழைத்துத் தடவிச் சுற்றினால், பினியன் எங்கே உரசுகிறதோ அங்கே தடம் விழும். எங்கள் தடம் பல்லின் அடிவேரில் விழுந்திருந்தது. பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் கூண்டு சிம்மைக் கூட்டினால் பினியன் கிரவுனை விட்டு விலகும். வேறு சில வண்டிகளில் சிம் பேரிங்குக்கு அடியில் இருக்கும், அங்கே கணக்கு தலைகீழ். 0.15 மி.மீ. கூட்டினோம். நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஊளைக்கும் அமைதிக்கும் நடுவில் ஒன்றரைத் தாள். பேரிங் இறுக்கத்தைப் பார்க்கப் பழைய பேப்பர்காரரின் ஸ்பிரிங் தராசை வாங்கி, பினியன் ஃபிளாஞ்சில் நூல் சுற்றி இழுத்தோம். நகரத் தொடங்கிய பிறகு தராசு எத்தனை கிலோ காட்டுகிறதோ அதை ஃபிளாஞ்சின் ஆரத்தால் பெருக்கினால் அதுதான் இறுக்கம். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்தோம். தடம் பல்லின் நடுவில் வந்தது.

அப்பா மறுபடி வாணியம்பாடி போனார். திரும்பி வந்து இறங்கினார். "டீ சொல்லு" என்றார்.

அன்று ராத்திரி அவன் என்னிடம் கேட்டதை நான் மறக்கவே போவதில்லை. "இவ்ளோதானாண்ணா? இத்த சொல்றதுக்கா பதினோரு வருசம் போதல அவருக்கு?"

*

இப்போது வார்த்தைக்கு வருகிறேன்.

கைப்பக்குவம் சமையலறையிலிருந்து வந்த சொல். கைமணம் அதன் தங்கச்சி. அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? நாளைக்கும் நீயே சமை என்கிறோம். யாருக்கும் வராது என்றால் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, முக்கியமாக நான் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் அவள்தான் எழுந்து வர வேண்டும். அந்தப் பாராட்டு ஒரு நாற்காலி மாதிரி இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தவரை எழ விடாத நாற்காலி.

நாட்டு வைத்தியத்தில் இன்னும் மோசம். "மூலிகைப் பேரை வெளியே சொன்னால் பலிக்காது" என்பார்கள். சித்தர் பாடல்கள் பலவற்றில் மருந்தின் பெயரே பரிபாஷையில்தான் இருக்கிறது. குருவிடம் போகாமல் படித்தால் புரியக் கூடாது என்பதற்காகவே எழுதிய எழுத்து. இதைப் பெருமையாகச் சொல்கிறோம். எத்தனை மருந்து எத்தனை கிழவர்களோடு சுடுகாட்டுக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இதற்கெல்லாம் அடியில் இருப்பது சாதி. வித்தை ஒரு குடும்பத்துக்குள் இருக்க வேண்டும், அப்பனிடமிருந்து மகனுக்குப் போக வேண்டும், எழுத்தில் ஏறினால் கண்டவன் படிப்பான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்து அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் அது போனது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், அதில் செருப்பு தைப்பதும் ஒன்று. நோக்கத்திலேயே குரு–சிஷ்ய பரம்பரையை வலுப்படுத்துவோம் என்று எழுதியிருக்கிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடுங்கள் என்று தமிழ்நாடு அரசு சொல்லி, 2024இல் அதை ஏற்க மறுத்துத் தனித் திட்டம் கொண்டுவந்தது. நான் அந்த மறுப்பின் பக்கம் நிற்கிறவன். தோலைத் தொடும் கை எந்தத் தெருவின் கை என்று எல்லாருக்கும் தெரிந்த ஊரில் வளர்ந்தவன் வேறு எந்தப் பக்கம் நிற்க முடியும்?

ஆனால் பாருங்கள், அந்த 18 தொழிலில் லாரி மெக்கானிக் இல்லை. இருக்கவும் முடியாது. இது குலத்தொழில் அல்ல. மோட்டார் வண்டி இங்கே வந்து நூற்றிச்சொச்சம் வருஷம்தான். எந்தப் புராணத்திலும் கியர் பாக்ஸுக்கு அதிபதி கிடையாது. எங்கள் பட்டறைத் தெருவில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் ஒரே கிரீஸில் கை கழுவுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் தமிழ்நாட்டிலேயே திறந்து கிடக்க வேண்டிய அறிவு இதுதான். இதுவும் எப்படிப் பூட்டிக்கொண்டது? ஆளை விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். சாதி இல்லாத தொழிலுக்குள் சாதியின் வேலைமுறை வந்து உட்கார்ந்துகொண்டது: மறைத்து வை, காத்திருக்க வை, டீ வாங்க அனுப்பு.

*

பூட்டு இது ஒன்றுதானா என்றால் இல்லை. கம்பெனிக்காரன் பூட்டு இன்னொன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகம், சோதனைக் கருவி, பழுது பார்க்கும் விவரம் எதையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் பிறகு வழக்கு மேல்முறையீடு என்று இழுத்தது. 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. எல்லாம் நல்லது. ஆனால் நாளைக்கே அத்தனை மேனுவலும் கைக்கு வந்தாலும் அது எந்த மொழியில் வரும்? எட்டாவதோடு நின்ற என் தம்பி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? உரிமை கதவு வரைக்கும்தான் கொண்டுவந்து விடும்.

மூன்றாவது பூட்டு நம்முடையது. இதைப் படிக்கிற உங்களுடையதும் என்னுடையதும்.

ராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய மோட்டார்சைக்கிள் நாவலைப் படித்துவிட்டு, கையால் செய்யும் வேலை ஒரு தியானம் என்று நாம் எத்தனை பதிவு போட்டிருப்போம்? நானும் போட்டிருக்கிறேன். அந்த நாவலின் கதைசொல்லி பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவர் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுகிறவர். தியானத்தை எடுத்துக்கொண்டோம், கையேட்டை விட்டுவிட்டோம்.

ஜி.டி. நாயுடுவை என்ன செய்தோம்? இளைஞராக இருந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, திரும்ப மாட்டினார் என்று கேட்டிருப்பீர்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். பிரி, பார், மாட்டு, சொல்லிக்கொடு என்பதுதான் அந்த வாழ்க்கையின் சாரம். நாம் அவரை அதிசய மனிதர் ஆக்கினோம். அதிசயம் என்று சொல்லிவிட்டால் யாரும் பின்தொடர வேண்டியதில்லை. கைப்பக்குவத்தின் இன்னொரு பெயர்தான் அது.

தமிழில் தொழில் எழுத வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்று ஒரு புத்தகம் போட்டார். கைமணம், கைப்பக்குவம், அம்மா ருசி எல்லாவற்றையும் அளவாக மாற்றி அச்சில் ஏற்றினார். அடுப்பே பார்க்காத பெண்கள் கல்யாணமாகி ஊர் ஊராகப் போனபோது பெட்டியில் அந்தப் புத்தகம் போனது. அதனால் வீட்டுச் சமையலின் ருசி செத்துவிட்டதா? நம் பட்டறைகளுக்கு ஒரு 'பிரித்துப் பார்' எங்கே?

இதற்குக் கலைச்சொல் கமிட்டி தேவையில்லை. கிரவுன், பினியன், சிம், ஆட்டம், தடம், ஊளை. பட்டறையில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. டிஃபரன்ஷியலுக்குத் தமிழில் என்ன என்று நாம் மூன்று நாள் சண்டை போடுவோம். அதற்குள் இன்னொரு மேஸ்திரி செத்துப்போவார்.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். வீடு வீடாக அலைந்து ஏடு தேடிய அந்தக் கதையை நெகிழ்ந்து நெகிழ்ந்து சொல்கிறோம். ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டார்கள் என்று கேட்டால் நெஞ்சு பதறுகிறது. நம் கண் முன்னாலேயே, நம் தெருவிலேயே விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதற்றம் எங்கே?

*

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்தால் நானும் டீ வாங்க அனுப்புகிறவன்தான்.

நாங்கள் செய்த ரெண்டு முறையையும், தோற்றதையும் சேர்த்து, தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். வார்த்தை அவனுடையது, எழுத்து என்னுடையது. படம் அவன் போட்டான். அந்த நோட்டை வைத்து அடுத்த வருஷமே ஷெட் போட்டுவிட்டான். இப்போது கிரவுன் வேலை என்றால் குடியாத்தத்திலிருந்து வண்டி வருகிறது. நோட்டை டைப் செய்து எல்லாருக்கும் போடலாம் என்றேன். முகம் மாறியது.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காத. அது நம்ம கைய விட்டுப் போவக் கூடாது."

"நீயாடா இதச் சொல்ற?"

"நீ எய்திட்டுப் போயிடுவ. எல்லாரும் சூப்பர்னு போடுவாங்க. நாளைக்கு எதிர்ல ஒருத்தன் ஷெட்டு போட்டா என் வாடகைய நீ கட்டுவியா?"

என்னிடம் உடனே பதில் இல்லை. மேஸ்திரிமேல் இருந்த கோபத்திலும் பாதி அன்றைக்கு இறங்கியது. அவருக்கு பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. முதுகு போன பிறகும் வண்டி தன்னைத் தேடி வர வேண்டுமென்றால் தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்று வேண்டும். கம்பெனிக்குக் காப்புரிமை இருக்கிறது. அவருக்கு இருந்தது வாயை மூடிக்கொள்வது மட்டும்.

ஆனால் காப்புரிமை என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். 1828இல் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு நீராவி வண்டிக்காக இதே டிஃபரன்ஷியலுக்குக் காப்புரிமை வாங்கினார். காப்புரிமை ஓர் ஒப்பந்தம். உனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிக் கொடு, கொஞ்ச காலம் பலனை நீ அனுபவி, பிறகு ஊருக்கு விடு. எழுதினால்தான் காப்பு. மேஸ்திரிக்கு யாரும் அப்படி ஓர் ஒப்பந்தம் கொடுக்கவில்லை. எழுதச் சொன்னால் காசு, எழுதினால் பெயர், எழுதிய பிறகும் மரியாதை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் ஃபிளாஸ்க்கை இறக்கி வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சிறுகதைக்கு நாம் விருது வைத்திருக்கிறோம். ஒரு பட்டறைக் கையேட்டுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

அதனால் என் சண்டை அவனோடு இல்லை. வாடகை பயத்தில் பூட்டுகிறவனை விட்டுவிடலாம், அந்தப் பூட்டைப் பார்த்து "ஆகா, என்ன வேலைப்பாடு" என்று கவிதை எழுதுகிறவர்களை விட முடியாது. அந்தக் கவிதையை நிறுத்துங்கள். உங்கள் தெருவில் ஒரு பட்டறை இருக்கும். பம்பு மோட்டார் காயில் கட்டுகிறவர், தையல் மெஷின் சரிசெய்கிறவர், யாரோ ஒருவர். ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அவர் பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள். அளவைக் கேளுங்கள். 'ஒரு மாதிரி இருக்கும், கைக்கே தெரியும்' என்பார். விடாதீர்கள், எந்த மாதிரி என்று கேளுங்கள். கைக்குத் தெரிவதெல்லாம் எழுத்தில் வராது, ஒப்புக்கொள்கிறேன். போல்ட் அறுந்துபோவதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பேனரில் வரும் அந்த வழுக்கலை நான் எப்படி எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் 0.15 மி.மீ. என்பதை எழுதலாம். வராததைக் காட்டி வருவதையும் மறைப்பதுதான் கைப்பக்குவத்தின் தந்திரம்.

நோட்டு இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. பாதி எனக்குச் சொந்தம் என்றாலும் அவன் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டேன். இங்கே எழுதியிருக்கும் அளவுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறான். மீதிக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன் இப்போது அவனிடம் வேலைக்கு இருக்கிறான். பினியனைக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. சிம் பெட்டியைத் திறந்துவிட்டு, வழக்கம்போல அவன் தலையைத் தூக்கிப் பையனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆணியில் தொங்கிய ஃபிளாஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினான்.

டீ வாங்க நான் போனேன்.